கோட் எல்லாம் ஏஐ எழுதுது, நான் எதைக் கத்துக்கறது?

கேள்வி – ஜூலை 5, 2025

குடியாத்தம் பக்கம். பிசிஏ முடிச்சு வருஷம் ஒண்ணு ஆவுது. வேலூர்ல கடைங்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பண்ற ஒரு சின்ன ஆபீஸ்ல ட்ரெயினி, மாசம் 9,000. குடுக்கற வேலைய ஏஐ கிட்ட போட்டு சாயந்தரத்துக்குள்ள முடிச்சிடறேன். சார் பாராட்டறாரு. ராத்திரி படுத்தா மட்டும் பயமா இருக்கு, ஏன்னா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறது எனக்கு மட்டும்தான் தெரியும். இனிமே கோடிங்க ஒழுங்கா கத்துக்கறதுல அர்த்தம் இருக்கா, இல்ல இப்படியே ஓட்டிடலாமா? வேலைல இருக்கறவங்க சொல்லுங்க.

பதில் – ஜூலை 5, 2025, ராத்திரி

ஆறு மாசம் ஏஐயத் தொடாத, தம்பி. அவ்ளோதான்.

ஜூலை 6, 2025

நேத்து எழுதினது பஸ்ல நின்னுக்கிட்டே எழுதினது. பள்ளிகொண்டா தாண்டுற வரைக்கும் சீட் கிடைக்கல, அந்தக் கடுப்பும் அதுல இருக்கு. காரணம் சொல்லாம "தொடாத"ன்னா யாரு கேப்பாங்க?

நான் காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கறப்ப, 2022 நவம்பர் 30, சாட்ஜிபிடி வந்துச்சு. கிறிஸ்துமஸ் லீவுக்குள்ள கிளாஸ்ல எல்லார் போன்லயும் இருந்துச்சு. லேப் ரெக்கார்ட், மினி ப்ராஜெக்ட், கடைசி வருஷ ப்ராஜெக்ட், எல்லாம் அதுதான். எனக்கு 91 மார்க்.

2024ல சென்னைல ஓஎம்ஆர் பக்கம் ஒரு இன்டர்வியூ. விடியகாலைல காட்பாடில ரயில் ஏறிப் போனேன். ஒரு லிஸ்ட் குடுத்து, ரெண்டு தடவ வர்றத எடுத்துடு, வரிசை மாறக்கூடாதுன்னாங்க. வெறும் நோட்பேட். ஃபார்னு அடிச்சேன், ஐன்னு அடிச்சேன், இன்னு அடிச்சேன், லிஸ்ட் பேர அடிச்சேன், ரெண்டு புள்ளி வச்சேன். அதுக்கு மேல கை நகரல. ஏஐ காட்டற மாதிரி சாம்பல் கலர்ல மிச்ச வரி தானா வரும், டேப் கீய அமுக்கிடலாம்னு கர்சரப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். சத்தியமா. எதிர்ல இருந்தவரு தண்ணி வேணுமான்னு கேட்டாரு.

என் விரலுக்குப் பழக்கமானது டேப் கீ ஒண்ணுதான்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. திரும்பி வர்றப்ப அரக்கோணம் வரைக்கும் ஜன்னலப் பாத்துக்கிட்டே வந்தேன். அதுக்கப்புறம் அந்த லிஸ்ட் கணக்க மொபைல் நோட்ல போட்டுப் பாத்தேன். எட்டு வரி. வாலாஜா ரோடு வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. அதனாலதான் "தொடாத".

ஜூலை 8, 2025

மேல ஒருத்தர் கேக்கறாரு, "நீங்க ஆறு மாசம் தொடாம இருந்தீங்களா?"

இல்ல. பதினோரு நாள்.

பொய் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. வேலைக்குச் சேந்துட்டா நீ மட்டும் கையால எழுதிக்கிட்டு உக்கார முடியாது. பக்கத்து சீட்டு மதியானத்துக்குள்ள முடிச்சிட்டு ஆம்பூர் பிரியாணி ஆர்டர் போடும். அதனால முதல் பதிவ பாதி வாபஸ் வாங்கிக்கறேன்.

பாதின்னு சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. நான் பன்னண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், கவர்மென்ட் ஸ்கூல். காலேஜ்ல எரர் மெசேஜ் வந்தா மொதல்ல அது இங்கிலீஷ், அப்புறம்தான் எரர். கிளாஸ்ல எழுந்து சந்தேகம் கேட்டா, பதில் வர்றதுக்கு முன்னாடி பின்பெஞ்சுல சிரிப்பு வரும். இது கிட்ட "இந்த எரர் என்ன சொல்லுதுன்னு தமிழ்ல சொல்லு"ன்னு கேட்டேன், சொல்லுச்சு. புரியல, திரும்பச் சொல்லுன்னேன், சொல்லுச்சு. ஒரே விஷயத்த ஏழு தடவ கேட்டிருக்கேன். எந்த வாத்தியார் கிட்ட ஏழு தடவ கேக்க முடியும்? ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே கூப்பிடறது) எனக்குப் புரிஞ்சது இது கிட்டதான். அதைப் போயி "தொடாத"ன்னு உனக்குச் சொன்னா அது நன்றி கெட்டதனம்.

எழுதித் தரச் சொல்றது வேற, சொல்லித் தரச் சொல்றது வேற. ரெண்டுக்கும் ஒரே டப்பாதான், ஒரே என்டர் கீதான். கஷ்டமே அங்கதான்.

ஜூலை 13, 2025

"நாங்கல்லாம் ஸ்டாக் ஓவர்ஃப்ளோல காப்பி அடிச்சுதான் வளந்தோம், இதுவும் அதுதான்"னு ஒரு சீனியர் அண்ணன் எழுதியிருக்காரு.

அதுவும் இதுவும் ஒண்ணு இல்லண்ணா. 2008லேர்ந்து ப்ரோக்ராமர்ங்க கேள்வி பதில் போடற அந்த சைட்ல என்ன நடந்துச்சு? ஒரு கேள்விக்கு அஞ்சு பதில். முதல் பதில் தப்புன்னு கீழ ஒருத்தன் சண்டை போடுவான். அது பழைய வெர்ஷனுக்குன்னு இன்னொருத்தன் வருவான். அந்தச் சண்டையப் படிச்சு, எதை எடுக்கறதுன்னு முடிவு பண்ணி, உங்க வேரியபிள் பேருக்கு மாத்தி ஒட்டுனீங்க. காப்பி அடிக்கறதுக்கே பாதி வேலை பாக்க வேண்டியிருந்துச்சு. இதுல சண்டையே இல்ல. ஒரே பதில், நல்லா இஸ்திரி போட்ட சட்ட மாதிரி, உங்க வேரியபிள் பேரோடயே வருது. இன்னொண்ணு, 2022 டிசம்பர்ல சாட்ஜிபிடி பதிலயெல்லாம் இங்க போடாதீங்கன்னு தடை போட்டதே அந்த ஸ்டாக் ஓவர்ஃப்ளோதான். பாக்கறதுக்குச் சரியா இருக்கு, ஆனா அடிக்கடி தப்பா இருக்குன்னு.

ஜூலை 20, 2025

இந்த மாசம் மெட்டர்னு (METR) ஒரு ஆராய்ச்சி அமைப்பு வெளியிட்ட சோதனைய ரெண்டு பேர் இங்க ஒட்டியிருக்கீங்க. ஓப்பன் சோர்ஸ்ல (கோட எல்லாருக்கும் திறந்து வைக்கற ப்ராஜெக்ட்) அனுபவம் உள்ள 16 பேர், 246 வேலை. ஏஐ வச்சு செஞ்சப்ப 19 சதவீதம் நேரம் கூடுதலா எடுத்திருக்கு. ஆனா முடிச்சப்புறம் கேட்டா 20 சதவீதம் வேகமா முடிச்சோம்னு சொல்லியிருக்காங்க.

இதை வச்சு "பாத்தியா, ஏஐ வேஸ்ட்"னு குதிக்காதீங்க. அவங்க வருஷக்கணக்கா தாங்களே கட்டுன வீட்ல வேலை பாத்தவங்க, எந்த ஸ்விட்ச் எங்கன்னு இருட்டுலயே தெரியும். நம்மள மாதிரி நேத்து குடிவந்தவங்களுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. எனக்கு அதுல உறைச்சது வேற. ஓடுனது ஒண்ணு, ஓடுனதா நினைச்சது ஒண்ணு. கேள்வி கேட்ட தம்பியோட ராத்திரி பயம் கரெக்டான பயம்தான்.

ஆகஸ்ட் 3, 2025

ரெண்டு வாரமா எழுதல. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, நடந்தத முழுசா எழுதிடறேன், நீளம்னா தாண்டிப் போயிடுங்க.

எங்க ஆபீஸ் சத்துவாச்சாரில, ஒரு செல்போன் கடைக்கு மாடி. நாலு பேர். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் கம்பெனிங்களுக்கு பில்லு, ஸ்டாக்கு, பேக்கிங் லிஸ்ட் சாஃப்ட்வேர் பண்றோம். எனக்கு வந்த வேலை பேக்கிங் லிஸ்ட். ஒரு கட்டுல எத்தன தோல், ஒவ்வொண்ணும் எத்தன சதுர அடி, மொத்தம் எவ்ளோ. கம்பெனிலேர்ந்து பழைய எக்ஸெல் ஷீட் குடுத்தாங்க. 18.3, 20.2, 19.1, 21.3, 17.2ன்னு நூத்துக்கணக்குல வரி.

ஏஐ கிட்ட ஷீட்ட காட்டி, படிச்சுக் கூட்டி பிடிஎஃப் குடுக்கற மாதிரி எழுதுன்னேன். எழுதுச்சு. கோட் சரியான விடை தருதான்னு பாக்கற டெஸ்ட்டும் எழுதுன்னேன். 14 டெஸ்ட், 14ம் பச்சை, அதாவது பாஸ். நானும் ஒழுங்கா உக்காந்து வரி வரியாப் படிச்சேன், இந்தத் தடவ சும்மா டேப் அடிக்கல. எல்லா வரியும் புரிஞ்சுது. தப்பு ஒண்ணும் இல்ல. அந்த அஞ்சு தோலையும் கூட்டுனா 96.1. கால்குலேட்டர்லயும் 96.1.

சனிக்கிழம வீட்ல (பேரணாம்பட்டு) லேப்டாப்ப திண்ணைல வச்சுக்கிட்டு பிடிஎஃப் அழகு பாத்துக்கிட்டிருந்தேன். எங்க நைனா 26 வருஷம் டேனரில, கடைசி பத்து வருஷம் அளவு மெஷின்கிட்ட. பல்லு தேய்ச்சிக்கிட்டே எட்டிப் பாத்தாரு.

"இன்னாமா இது, கூட்டல் தப்பா கீது?"

"கம்ப்யூட்டர் கூட்டுனது நைனா."

"எவன் கூட்டுனா இன்னா. பதினெட்டே முக்கால், இருவதரை, பத்தொம்பதே கால், இருவத்தொண்ணே முக்கால், பதினேழரை. தொண்ணூத்தேழே முக்கால் வரணும். தொண்ணூத்தாறு போட்டுக்கினு கீற."

எனக்கு ஒண்ணும் புரியல. பதினெட்டே முக்கால் எங்கேர்ந்து வந்துச்சு? ஷீட்ல இருக்கறது 18.3.

பிரஷ்ஷ வாய்லேர்ந்து எடுத்துட்டு ஒரு காயிதம் கேட்டாரு. 18ன்னு பெருசா எழுதி, அதோட தலைமாட்டுல ஓரமா பொடிசா 3ன்னு போட்டாரு. தோலோட பின்பக்கத்துல அப்படித்தான் எழுதுவாங்களாம். சதுர அடிய நாலா பிரிச்சு அளக்கறது. பொடிசா 1ன்னா கால், 2ன்னா அரை, 3ன்னா முக்கால். கீபோர்டுல அடிக்கற புள்ளைக்கு தலைமாட்டுல பொடிசா போட வழி இல்ல, அதனால நடுவுல ஒரு புள்ளி வச்சிருக்கு. 18.3. இருக்கற அத்தன வரிலயும் புள்ளிக்கு அப்புறம் 1, 2, 3 தவிர வேற நம்பரே இல்லன்னு அப்பத்தான் ஸ்க்ரோல் பண்ணிப் பாத்தேன். ஒரு 5 இல்ல, ஒரு 7 இல்ல. நூத்துக்கணக்குல வரி! என் கண்ணுக்கு முன்னாடியே இருந்திருக்கு.

அஞ்சு தோல்ல 1.65 சதுர அடி அடிபட்டுப் போச்சு. 2,000 தோல்னா 660 சதுர அடி. காசாப் பாருங்க.

இதுல என்ன பாத்து நான் பயந்தேன்னா, அந்த 14 டெஸ்ட். கோட் எழுதுனதும் அதுதான், டெஸ்ட் எழுதுனதும் அதுதான். புள்ளின்னா தசமப் புள்ளின்னு ரெண்டு எடத்துலயும் நினைச்சிருக்கு. பரிச்ச எழுதுன பையனே பேப்பர் திருத்துனா நூத்துக்கு நூறுதான். அதையும் முழுசா குத்தம் சொல்ல முடியாது. ஷீட்ட மட்டும்தானே காட்டுனேன். தோலோட பின்பக்கத்த அது எங்க பாத்திருக்கும்? நானே பாத்ததில்ல, அந்த வாசனைலயே பொறந்து வளந்தும்.

ஆகஸ்ட் 4, 2025

திருத்தம். 660 தப்பு, கீழ ஒருத்தர் சரியாப் பிடிச்சிருக்காரு. அந்த அஞ்சு தோல்லயும் முழு அடியா எதுவுமே இல்ல, அத அப்படியே 400ஆல பெருக்கிட்டேன். முழு, கால், அரை, முக்கால் நாலும் சமமா வந்தா சராசரி ஒரு தோலுக்கு 0.225தான் வித்தியாசம். 2,000 தோலுக்கு 450 சதுர அடி. கையால போட்ட கணக்கு இது, ஏஐ மேல பழி போடாதீங்க.

நைனா கிட்ட 450ன்னு சொன்னேன். "லோடு எறங்குன எடத்துல அளந்து பாத்தான்னா மொத வேல உன்ன தேடிக்கினு வருவான்"னாரு.

ஆகஸ்ட் 10, 2025

இதை எழுதவே வெக்கமா இருக்கு.

அளவு விஷயம் தெரிஞ்சதும், இந்தத் தடவ ஏஐ வேணாம், நானே எழுதறேன்னு வீராப்பா உக்காந்தேன். எல்லாத்தையும் கால் கால் அடியா எண்ணி முழு எண்ணா வச்சுக்கறதுன்னு முடிவு. 18.3ன்னா 18ஐ நாலால பெருக்கி 3 கூட்டு, 75. கூட்டி முடிச்சு கடைசில நாலால வகுத்துக்கலாம். புள்ளிக்கு அப்புறம் இருக்கறத எடுக்க: நம்பர்லேர்ந்து முழுப் பகுதியக் கழி, பத்தால பெருக்கு, இன்ட் (முழு எண்ணா மாத்தற கட்டளை) போடு. பைத்தான்ல ரெண்டு வரி. ஓட்டினேன். அஞ்சு தோலுக்கு 97.25.

நைனா சொன்னது 97.75. அரை அடி காணோம்.

ஒரு மணி நேரம் மொறச்சிப் பாத்தேன். அப்புறம் ஒவ்வொரு தோலா ப்ரின்ட் போட்டேன். 18.3க்கு 3 வருது. 19.1க்கு 1 வருது. 20.2க்கு 1 வருது! 17.2க்கும் 1. அரை அடியெல்லாம் கால் அடியா சுருங்கிப் போயிருக்கு. தோல் காயறப்ப சுருங்கும்னு கேள்விப்பட்டிருக்கேன், கம்ப்யூட்டர்லயுமா?

கடைசில ஏஐ கிட்டதான் போனேன், வேற எங்க போறது. கேக்கறதுக்கு முன்னாடி "ஃப்ளோட் (புள்ளி வச்ச நம்பர கம்ப்யூட்டர் உள்ள வச்சுக்கற முறை) பிரச்சனையா இருக்கலாம், ஆனா ஏன் .2 மட்டும்னு தெரியல"ன்னு என் சந்தேகத்தையும் எழுதினேன். அது சொன்னது: கம்ப்யூட்டர் 20.2ஐ ரெண்டடிமானத்துல (0, 1 மட்டும் வச்சு எழுதறது) முழுசா வச்சுக்க முடியாது, உள்ள இருக்கறது அதவிட மயிரிழை கம்மி. 20 போனா 0.1999999999999993. பத்தால பெருக்குனா 1.999999999999993. இன்ட் அதை ரவுண்ட் பண்ணாது, புள்ளிக்கு அப்புறம் இருக்கறத வெட்டித் தள்ளிடும். மிச்சம் 1. இந்த 16லேர்ந்து 32க்குள்ள .1ம் .3ம் உள்ள மயிரிழை கூடுதலா உக்காந்திருக்கு, அதனால தப்பிச்சிடுச்சு. நம்பரா படிக்காத, எழுத்தா படி, புள்ளில ரெண்டா வெட்டி, ரெண்டு பக்கத்தையும் முழு எண்ணா மாத்திக்கன்னுச்சு. மாத்தினேன். 97.75.

முதல் தப்பு அதோடது, நைனா கண்டுபிடிச்சாரு. ரெண்டாவது தப்பு என்னோடது, நைனாவோட விடைய வச்சு அது கண்டுபிடிச்சுது. நடுவுல நான் என்னத்துக்கு இருக்கேன்னு அன்னிக்கு ராத்திரி ரொம்ப நேரம் யோசிச்சேன்.

ஆகஸ்ட் 11, 2025

"அப்ப நைனாவையே வேலைக்கு வச்சிக்கலாமே"ன்னு எழுதினவருக்கு: கேட்டுட்டேன். மாடிப்படி ஏற முடியாதாம்.

ஆகஸ்ட் 23, 2025

இன்னிக்கு பராமரிப்புன்னு சத்துவாச்சாரி பக்கம் காலைல 9 மணிலேர்ந்து கரண்ட் கட். யூபிஎஸ் அரை மணில படுத்துடுச்சு. நேத்தே இந்தப் பேக்கிங் லிஸ்ட் கோட ப்ரின்ட் எடுத்து வச்சிருந்தேன், 11 பக்கம். பஸ் பிடிச்சு கோட்டைக்குப் போயி, அகழி ஓரமா நிழல்ல உக்காந்து பேனாவோட படிச்சேன். வேலூர் வெயில் எப்படின்னு வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்ல, ஆகஸ்ட்லயும் அப்படித்தான். பக்கத்துல ஒரு ஜோடி என்ன பைத்தியம்னு நினைச்சு எழுந்து போயிடுச்சு.

கூப்பிட்டு விசாரிக்க யாரும் இல்லாம, அடுத்த வரி என்ன பண்ணும்னு ஓரத்துல பேனாவால எழுதி, அப்புறம் படிக்கறது. மூணு எடத்துல என் யூகம் தப்பு. அந்த மூணும் நான் ஸ்க்ரீன்ல "புரிஞ்சுது"ன்னு தாண்டிப் போன எடம். ஆகஸ்ட் 3ம் தேதி பதிவுல "எல்லா வரியும் புரிஞ்சுது"ன்னு எழுதியிருக்கேன் பாருங்க, அதை முழுசா நம்பிடாதீங்க.

எங்க ஆபீஸ் அண்ணன் ஒரு கட்டுரை அனுப்பினாரு, பீட்டர் நௌர்னு டென்மார்க்காரர் 1985ல எழுதினது. ப்ரோக்ராம்ங்கறது எழுதி வச்சிருக்கற கோட் இல்ல, அதைக் கட்டுனவங்க மனசுல இருக்கற புரிதல்தான்னு சொல்றாரு. அந்த ஆளுங்க போயிட்டா, கோட் மட்டும் மிச்சம் இருந்தா, அது செத்த ப்ரோக்ராம். நல்லாத்தான் சொல்லியிருக்காரு. ஆனா எங்க கேஸ்ல அந்தப் புரிதல் ப்ரோக்ராமர் மனசுலயும் இல்ல. ரிட்டையர் ஆயி திண்ணைல பல்லு தேய்ச்சிக்கிட்டிருந்துச்சு.

செப்டம்பர் 7, 2025

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்து, "கதையெல்லாம் சரிக்கா, நான் திங்கக்கிழம காலைல என்ன பண்ணணும்?"னு கேட்டிருக்கு. நியாயம்.

நான் இப்ப பண்றத சொல்றேன், அடுத்த மாசம் மாத்திப்பேனோ என்னமோ. ஏஐ கிட்ட போறதுக்கு முன்னாடி, பழைய அன்ராயல் (கோடு போடாத) நோட்டு ஒண்ணுல என் யூகத்த ஒரு வரி எழுதறேன். "இங்க தப்பு இருக்கும், ஏன்னா இது." தமிழ்லதான், கோழிக்கிறுக்கல்ல. அப்புறம் கேக்கறேன். யூகம் சரியா தப்பான்னு பக்கத்துல டிக்கோ பெருக்கல் குறியோ. ஆகஸ்ட்ல பெருக்கல் குறிதான் ஜாஸ்தி. டெஸ்ட்ல எதிர்பாக்கற விடைய மட்டும் அது கிட்ட கேக்கறதே இல்ல. அந்த நம்பர் கோட்டுக்கு வெளியலேர்ந்து வரணும், பழைய பில்லு, ரெஜிஸ்தர், இல்லன்னா அந்த வேலைய கையால செஞ்ச ஆளு. புதுசா ஏதாவது பேக்கேஜ் (வேற யாரோ எழுதி வச்ச ரெடிமேட் கோட்) பேரச் சொன்னா இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி நிஜமாவே இருக்கான்னு பாரு. இல்லாத பேரையெல்லாம் சொல்லும், அந்தப் பேர்லயே எவனாவது வைரஸ ஏத்தி வச்சுக் காத்துக்கிட்டிருப்பான்.

9,000 பத்தி: அது கம்மி. ஆனா அந்த பில்லிங் சாஃப்ட்வேர யாருக்குக் குடுக்கறீங்களோ அந்தக் கடைக்கு ஒருநாள் போயி கல்லாப்பெட்டி பக்கத்துல உக்காரு. உங்க சார் விடுவாரான்னு கேளு.

செப்டம்பர் 9, 2025

நோட்டு பேரு "அன்ராயலா"ன்னு கேட்டவருக்கு: ஆமா, "அன்ராயல்"தான். அன்ரூல்டுன்னு எனக்கும் தெரியும். எங்க ஊர்ல கடைல அன்ரூல்டுன்னு கேட்டா கிடைக்காது.

நவம்பர் 16, 2025

இந்த த்ரெட் தூங்கிடுச்சு, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போறேன்.

ஆபீஸ்ல புதுசா ஒரு பையன் சேந்திருக்கான், ஆற்காட்டுலேர்ந்து வர்றான். டெஸ்ட் ஃபைல்ல நான் வச்ச ஒரு டெஸ்ட் இருக்கு, பேரு "நைனா_கணக்கு". 18.3, 20.2, 19.1, 21.3, 17.2 கூட்டுனா 97.75 வரணும். பையன் அந்த ஃபைல மட்டும் ஏஐ கிட்ட குடுத்து சுத்தம் பண்ணச் சொல்லியிருக்கான். இந்த டெஸ்ட்ல எதிர்பார்ப்பு தப்பா இருக்கு, 96.1னு திருத்திடவான்னு அது கேட்டிருக்கு.

சரின்னு அடிக்காம எழுந்து என் சீட்டுக்கு வந்தான். "அக்கா, இது ஏன் இப்படி இருக்கு, யாரு இந்த நைனா?"ன்னான்.

நான் சொல்லல. போன் நம்பர் குடுத்தேன். சாப்பாட்டு நேரம் முழுக்க வராண்டாவுல நின்னு பேசிக்கிட்டிருந்தான். திரும்பி வந்தப்ப கைல ஒரு காயிதம், அதுல 18க்குத் தலைமாட்டுல பொடிசா ஒரு 3. கீழ வேற என்னென்னமோ எழுதியிருந்தான், ஆட்டுத்தோலுக்கு, மாட்டுத்தோலுக்குன்னு. அதெல்லாம் எனக்கு அவரு சொன்னதே இல்ல.